மீன் எண்ணெய் கேப்ஸ்யூல்: டப்பாவில் 1000, உள்ளே 300... மீதி எங்கே போச்சு?

மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் சாதாரண மீன் எண்ணெய் டப்பா ஒன்றை எடுத்துக்கொள்வோம். முன்பக்கம் பெரிய எழுத்தில் '1000 மி.கி.' என்று இருக்கும். பக்கத்திலேயே 'ஒமேகா-3' என்று இருக்கும். பார்க்கிறவர்கள் இரண்டையும் சேர்த்துத்தான் படிப்பார்கள். டப்பாவைத் திருப்பினால் பொடி எழுத்தில் வேறு கணக்கு: இபிஏ 180 மி.கி., டிஹெச்ஏ 120 மி.கி. கூட்டினால் 300.

மீதி 700 மி.கி. என்ன ஆச்சு? எங்கேயும் போகவில்லை, கேப்ஸ்யூலுக்குள்ளேதான் இருக்கிறது. ஆனால், அது ஒமேகா-3 இல்லை. மற்ற எண்ணெய்களில் இருப்பதைப் போன்ற சாதாரணக் கொழுப்பு. முன்பக்க எண் எண்ணெயின் எடை, பின்பக்க எண் நீங்கள் காசு கொடுத்து வாங்கும் பொருளின் எடை. சட்டப்படி இதில் பொய் எதுவும் இல்லை. எந்த எண்ணைப் பெரிதாக அச்சடிப்பது என்பதில்தான் சாமர்த்தியம்.

அதே அலமாரியில் விலை கூடின இன்னொரு டப்பா இருக்கும். அதிலும் 1000 மி.கி. எண்ணெய்தான். ஆனால், பின்பக்கம் ஒமேகா-3 மட்டும் 600, 700, சிலவற்றில் 800 மி.கி.க்கு மேல். இரண்டு எண்ணெயும் ஒரே கடலில் பிடித்த ஒரே வகை மீனிலிருந்து வந்திருக்கலாம். 30 சதவீதத்தை 80 சதவீதமாக மாற்றியது மீன் இல்லை, தொழிற்சாலை.

மீன் தயாரிப்பதில்லை

முதலில் ஒரு ஆச்சரியம். மீன் எண்ணெயில் இருக்கும் ஒமேகா-3-ஐ மீன் பெரும்பாலும் தயாரிப்பதே இல்லை. கடலில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள்தான் தயாரிக்கின்றன. பாசியை மிதவை உயிரிகள் தின்கின்றன, அவற்றைச் சிறு மீன்கள் தின்கின்றன. இப்படிக் கைமாறிக் கைமாறிக் கொழுப்பில் சேர்கிறது.

உலகின் மீன் எண்ணெயில் கணிசமான பங்கு தென் அமெரிக்காவின் பெரு கடற்கரையிலிருந்து வருகிறது. அங்கே குளிர்ந்த ஹம்போல்ட் நீரோட்டத்தில் கோடிக்கணக்கில் திரியும் 'அஞ்சோவேட்டா', நம்மூர் நெத்திலியின் சொந்தக்காரர். ஒரே ஒரு இனத்தை மட்டும் பிடிக்கும் மீன்பிடித் தொழில்களில் உலகிலேயே பெரியது இதுதான். அந்த மீனை வேகவைத்துப் பிழிந்து எடுக்கும் எண்ணெயில் இயற்கையாகவே சுமார் 18 சதவீதம் இபிஏ, 12 சதவீதம் டிஹெச்ஏ இருக்கும். டப்பாவில் பார்த்த 180, 120 எண்கள் அங்கிருந்து வந்தவைதான். தொழில் வட்டாரத்தில் அந்த எண்ணெய்க்குப் பெயரே '18/12'.

ஆளி விதையிலும் ஒமேகா-3 இருக்கே என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் அது வேறு ஆள். அதன் பெயர் ஏஎல்ஏ. நம் உடல் அதை இபிஏவாக மாற்றும், ஆனால் மாற்றுவது ஏதோ சில சதவீதம்தான். டிஹெச்ஏ வரை போய்ச் சேருவது அதைவிட ரொம்பக் குறைவு. அதனால்தான் எல்லோரும் கடலைப் பார்க்கிறார்கள்.

வாலிலிருந்து எண்ணினால் மூன்று

கொழுப்பு அமிலம் என்பது கார்பன் அணுக்கள் வரிசையாகக் கைகோத்து நிற்கும் ஒரு சங்கிலி. தலைப்பக்கம் அமிலம், மறுபக்கம் வால். சில இடங்களில் இரண்டு கார்பன்கள் ஒரு கைக்குப் பதிலாக இரண்டு கைகளாலும் பிடித்துக்கொள்ளும். அதுதான் இரட்டைப் பிணைப்பு. ஒமேகா என்பது கிரேக்க எழுத்துகளில் கடைசி எழுத்து. வாலிலிருந்து எண்ணும்போது முதல் இரட்டைப் பிணைப்பு மூன்றாவது கார்பனில் தொடங்கினால், அது ஒமேகா-3. ஆறாவதில் தொடங்கினால் ஒமேகா-6. பெயருக்குப் பின்னால் இருக்கும் ரகசியம் இவ்வளவுதான்.

இபிஏவில் 20 கார்பன்கள், 5 இரட்டைப் பிணைப்புகள். டிஹெச்ஏவில் 22 கார்பன்கள், 6 இரட்டைப் பிணைப்புகள். ஒவ்வொரு இரட்டைப் பிணைப்பும் சங்கிலியில் ஒரு வளைவைப் போடும். நேரான சங்கிலிகள் விறகுக்கட்டு மாதிரி நெருக்கமாக அடுக்கி நிற்கும், அதனால் சீக்கிரம் உறையும். வளைந்து நெளிந்தவை அடுக்கி நிற்க முடியாது, உறையவும் மாட்டாது. மார்கழி மாதம் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள்ளேயே கட்டியாவது ஏன் என்பதற்கும் இதுதான் பதில், அதில் பெரும்பகுதி நேரான சங்கிலி. வளைவே இல்லாத ஸ்டியரிக் அமிலம் உருக 69 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஆறு வளைவுள்ள டிஹெச்ஏவின் உருகுநிலை மைனஸ் 44 டிகிரி. குளிர்ந்த கடலில் நீந்தும் மீனின் செல் சவ்வுகள் விறைத்துப் போகாமல் இருக்க இதுவும் ஒரு காரணம்.

இந்த 'வளைவு' விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இனிமேல் நடக்கப்போகும் எல்லாவற்றுக்கும், நல்லதுக்கும் கெட்டதுக்கும், அதுதான் காரணம்.

30-க்கு மேல் போவது ஏன் கஷ்டம்?

மீன் எண்ணெயில் கொழுப்பு அமிலங்கள் தனித்தனியாக இருப்பதில்லை. கிளிசரால் என்ற ஒரு கொக்கியில் மூன்று மூன்றாகத் தொங்கும். இதுதான் டிரைகிளிசரைடு. பிரச்னை என்னவென்றால், ஒரே கொக்கியில் ஒரு டிஹெச்ஏ, பக்கத்தில் ஒரு சாதாரணக் கொழுப்பு, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று என்று கலந்து தொங்கும். வேண்டியதை மட்டும் எடுக்க நினைத்தால் வேண்டாததும் கூடவே வரும். எண்ணெயைக் குளிரவைத்து உறைகிற பகுதியை வடிகட்டி எடுத்தால் கொஞ்சம் செறிவு கூடும், அதற்கு மேல் நகராது.

எனவே முதல் வேலை, கொக்கியிலிருந்து எல்லாவற்றையும் கழற்றுவது. எண்ணெயுடன் எத்தனாலையும் ஒரு வினையூக்கியையும் சேர்த்தால், ஒவ்வொரு கொழுப்பு அமிலமும் கிளிசராலை விட்டுவிட்டு எத்தனாலைப் பிடித்துக்கொள்ளும். இப்போது கிடைப்பதன் பெயர் எத்தில் எஸ்டர். மூன்று பேர் சேர்ந்து நின்ற இடத்தில் இப்போது எல்லோரும் தனித்தனி ஆள். இனி பிரிக்கலாம்.

பிரிக்க முதல் வழி, எடை பார்த்துப் பிரிப்பது. சிறிய சங்கிலி சீக்கிரம் ஆவியாகும், நீளமானது தங்கும். ஆனால், சாதாரணமாகக் கொதிக்கவைத்தால் அந்தச் சூட்டிலேயே டிஹெச்ஏ சிதைந்துவிடும். அதனால் காற்றை ஏறக்குறைய முழுவதுமாக உறிஞ்சி எடுத்த கலனுக்குள், சூடான சுவரில் எண்ணெயை மெல்லிய படலமாக வழியவிடுவார்கள். வெற்றிடத்தில் குறைந்த சூட்டிலேயே ஆவியாகிவிடும், படலம் சூட்டில் இருப்பதும் சில நொடிகள்தான். டப்பாக்களில் பெருமையாகப் போட்டுக்கொள்ளும் 'மாலிக்குலர் டிஸ்டில்டு' இதுதான். 16, 18 கார்பன் சங்கிலிகள் பெரும்பாலும் இங்கேயே வெளியேறிவிடும். கடலில் கலந்து மீனின் கொழுப்பில் சேரும் பிசிபி, டையாக்ஸின் போன்ற நச்சுகளை அகற்றவும் இதே முறைதான் கைகொடுக்கிறது. பாதரசம் பெரும்பாலும் மீனின் புரதத்தில்தான் ஒட்டியிருக்கும் என்பதால், எண்ணெயில் அது தொடக்கத்திலிருந்தே குறைவு.

ஆனால், எடைக்கு ஒரு எல்லை இருக்கிறது. 20 கார்பன் இபிஏவும், ஒரே ஒரு இரட்டைப் பிணைப்பு உள்ள இன்னொரு 20 கார்பன் கொழுப்பும் தராசில் கிட்டத்தட்ட ஒன்றுதான். வெற்றிடத்தால் அவற்றைப் பிரிக்க முடியாது. இங்கேதான் யாரும் எதிர்பார்க்காத ஒரு பொருள் உள்ளே வருகிறது.

வயலுக்குப் போடுவோமே, அந்த யூரியா!

1940-களின் தொடக்கத்தில் ஜெர்மனியைச் சேர்ந்த ஃப்ரீட்ரிஷ் பெங்கன் ஒரு விசித்திரத்தைக் கண்டுபிடித்தார். யூரியா தனியாக இருந்தால் ஒரு வடிவத்தில் படிகமாகும். ஆனால், நீளமான நேர் சங்கிலிகள் அருகில் இருந்தால் அது தன் வடிவத்தையே மாற்றிக்கொண்டு, அறுகோணக் குழாய்களாக வளர்ந்து, அந்தச் சங்கிலிகளை உள்ளே வைத்துப் பூட்டிவிடும். குழாயின் உள்விட்டம் சுமார் அரை நானோமீட்டர்.

மூங்கில் குழாய்க்குள் நேரான குச்சி சரக்கென்று போகும். நாலைந்து இடத்தில் வளைந்த முருங்கைக் கிளை போகுமா? போகாது. அதேதான் இங்கேயும் நடக்கிறது. சூடான எத்தனாலில் யூரியாவைக் கரைத்து, அதில் எத்தில் எஸ்டர் கலவையை ஊற்றி, மெதுவாகக் குளிரவிடுவார்கள். நேரான நிறைவுற்ற கொழுப்புகளும், ஒரே ஒரு வளைவு உள்ளவையும் யூரியா குழாய்க்குள் புகுந்து படிகமாக அடியில் தங்கிவிடும். ஐந்து, ஆறு வளைவுகள் உள்ள இபிஏவும் டிஹெச்ஏவும் நுழைய இடமில்லாமல் திரவத்திலேயே நிற்கும். வடிகட்டினால் வேலை முடிந்தது. பெரிய சூடு இல்லை, விலை உயர்ந்த கருவி இல்லை. மூலக்கூறின் வடிவத்தை வைத்தே சலித்து எடுக்கும் சல்லடை. வேதியியலில் இவ்வளவு மலிவான, இவ்வளவு புத்திசாலித்தனமான தந்திரங்கள் அதிகம் கிடையாது.

குறை இல்லாமல் இல்லை. இபிஏவிலும் டிஹெச்ஏவிலும் ஒரு பங்கு படிகத்தோடு சேர்ந்து போய்விடும். யூரியாவும் எத்தனாலும் சேர்ந்து சூடாகும்போது எத்தில் கார்பமேட் சிறிதளவு உருவாகும் வாய்ப்பும் உண்டு. மனிதர்களுக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்திய பொருள் அது. எனவே கழுவுவதும் சுத்திகரிப்பதும் ஒழுங்காக நடக்க வேண்டும்.

இபிஏ மட்டும் தனியாக வேண்டும் என்றால் இதுவும் போதாது. அதற்கு குரோமட்டோகிராபி போன்ற இன்னும் நுட்பமான, இன்னும் செலவான முறைகள் தேவை. அமெரிக்காவில் 2012-ல் அனுமதி பெற்ற 'வாசெப்பா' என்ற மருந்தில் இருப்பது 96 சதவீதத்துக்கும் மேல் சுத்தமான இபிஏ எத்தில் எஸ்டர்.

விலை ஏன் ஏறுகிறது என்பதற்குச் சின்னக் கணக்கு போதும். ஒரு டன் '18/12' எண்ணெயில் இருக்கும் ஒமேகா-3 சுமார் 300 கிலோ. ஒரு சொட்டுகூட வீணாகவில்லை என்று வைத்துக்கொண்டாலும், அதிலிருந்து 85 சதவீதச் செறிவுள்ள எண்ணெய் 350 கிலோவுக்குச் சற்று மேல்தான் கிடைக்கும். நிஜத்தில் அதைவிடக் குறைவு.

கழற்றியதைத் திரும்ப மாட்டணுமா?

செறிவூட்டிய எண்ணெய் எத்தில் எஸ்டராக இருக்கிறது. இயற்கையில் மீனில் இருந்தது டிரைகிளிசரைடு. அப்படியே கேப்ஸ்யூலில் அடைத்து விற்கலாம், பல நிறுவனங்கள் அப்படித்தான் விற்கின்றன. சில நிறுவனங்கள் இன்னொரு படி போய், லிபேஸ் என்ற நொதியின் உதவியோடு எத்தனாலைக் கழற்றி, கொழுப்பு அமிலங்களை மறுபடி கிளிசரால் கொக்கியில் மாட்டுகின்றன. டப்பாவில் 'ஆர்டிஜி' என்றோ 'டிரைகிளிசரைடு வடிவம்' என்றோ போட்டிருந்தால் பெரும்பாலும் அர்த்தம் இதுதான். செலவு கூடும், விலையும் கூடும்.

அந்தக் கூடுதல் விலை தகுமா? 2010-ல் டென்மார்க் ஆய்வாளர் யோர்ன் டையர்பெர்க் குழு வெளியிட்ட ஆய்வில், இயற்கை மீன் எண்ணெய் உடலில் சேரும் அளவை 100 என்று வைத்தால், திரும்ப மாட்டிய வடிவம் 124, எத்தில் எஸ்டர் 73. வித்தியாசம் பெரிதுதான். ஆனால், எத்தில் எஸ்டரை கணையத்தின் நொதிகள் மெதுவாகத்தான் உடைக்கும், அவை நன்றாகச் சுரக்கச் சாப்பாட்டில் கொழுப்பு வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் பெரும்பகுதி வீண். நல்லெண்ணெயோ நெய்யோ சேர்ந்த சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்துக்கொண்டால் உடலில் சேரும் அளவு பல மடங்கு கூடும். காலையில் பிளாக் காபியோடு கேப்ஸ்யூலை விழுங்கிவிட்டு ஆபீஸுக்கு ஓடுபவர்கள் இதைக் கவனிக்கலாம். விலை கூடின டப்பாவுக்கு மாறுவதற்கு முன், நேரத்தை மாற்றிப் பார்ப்பது செலவில்லாத வேலை.

சிக்கு வாடை என்ற எதிரி

இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த இரட்டைப் பிணைப்புகள்தான் எண்ணெயின் பலவீனமும். இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டிருக்கும் கார்பனின் ஹைட்ரஜன் ரொம்பத் தளர்வாக இருக்கும். ஆக்ஸிஜன் தொடர்பான தொடர்வினை முதலில் தாக்குவது அந்த இடத்தைத்தான். சூரியகாந்தி எண்ணெயில் அதிகம் இருக்கும் லினோலெயிக் அமிலத்தில் அப்படிப்பட்ட இடம் ஒன்றே ஒன்று. இபிஏவில் நான்கு, டிஹெச்ஏவில் ஐந்து. ஒரு மூலக்கூறு கெட்டால் பக்கத்தில் இருப்பதையும் இழுத்துக்கொண்டு போகும். செறிவூட்டுவது என்றால், கெடக்கூடியவர்களை எல்லாம் ஒரே அறையில் கூட்டி வைப்பது என்றும் அர்த்தம்.

அதனால்தான் நைட்ரஜன் சூழலில் பேக்கிங், வைட்டமின் இ சேர்ப்பது, காற்றுப் புகாத ஜெலட்டின் உறை என்று இத்தனை ஏற்பாடுகள். 2017-ல் கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பு மீன் எண்ணெய்க்கு வரம்பு வகுத்தது. பெராக்சைடு எண் 5-க்குள், அனிசிடின் எண் 20-க்குள், இரண்டையும் சேர்த்துக் கணக்கிடும் 'டோடாக்ஸ்' 26-க்குள் இருக்க வேண்டும். எதற்கு மூன்று எண்கள்? பெராக்சைடு என்பது கெடுதலின் முதல் கட்டம். எண்ணெய் மேலும் கெடும்போது பெராக்சைடுகளே உடைந்து வேறு பொருள்களாக மாறிவிடும், எண் இறங்கிவிடும். நன்றாகக் கெட்டுப்போன எண்ணெய், பெராக்சைடு சோதனையில் மட்டும் 'பாஸ்' ஆகிவிட வாய்ப்பு உண்டு. அந்த ஓட்டையை அடைக்கத்தான் மற்ற இரண்டும்.

வீட்டில் லேப் இல்லாதவர்களுக்கு மூக்கு இருக்கிறது. ஒரு கேப்ஸ்யூலை வெட்டி முகர்ந்து பார்க்கலாம். லேசான மீன் வாடை சகஜம். பழைய வடைச்சட்டி எண்ணெய் போலச் சிக்கு வாடை அடித்தால் அந்த டப்பாவைத் தூக்கிப் போடுவதே நல்லது. எலுமிச்சை, ஆரஞ்சு வாசனை சேர்த்த கேப்ஸ்யூல்களில் இந்தச் சோதனை ஏமாற்றும், வாசனை சேர்ப்பதே அதற்குத்தானோ என்று சந்தேகப்படுவதில் தப்பில்லை. அடுப்புக்குப் பக்கத்து அலமாரியும், சித்திரை வெயிலில் நிறுத்திய காரும் இந்த டப்பாவுக்கு ஆகாத இடங்கள்.

சரி, இதனால் இதயத்துக்கு லாபம் உண்டா?

கதை தொடங்கியது கிரீன்லாந்தில். 1970-களில் டென்மார்க்கின் ஹான்ஸ் ஒலாஃப் பாங்கும் முன்பு சொன்ன அதே டையர்பெர்க்கும், கடல் உணவையே நம்பி வாழ்ந்த இனுயிட் மக்களின் ரத்தத்தை ஆராய்ந்தார்கள். கொழுப்பு நிறையச் சாப்பிட்டும் அவர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று கருதப்பட்ட காலம் அது. காரணம் ஒமேகா-3 ஆக இருக்கலாம் என்ற எண்ணம் அங்கே பிறந்தது. இனுயிட்களுக்கு இதயநோய் உண்மையிலேயே குறைவுதானா என்ற கேள்வி பின்னாளில் எழுந்தது வேறு கதை.

பெரிய பரிசோதனைகள் சொன்னது கலவையான பதில். 2018-ல் வெளியான அமெரிக்காவின் 'வைட்டல்' ஆய்வில் 25,871 பேர் கலந்துகொண்டார்கள். தினமும் 1 கிராம் ஒமேகா-3 கேப்ஸ்யூல். இதயநோய், பக்கவாதம் என்று முதன்மையாக அளந்த பாதிப்புகளில் குறிப்பிடத்தக்க குறைவு தெரியவில்லை.

அதே ஆண்டு 'ரெடியூஸ்-இட்' ஆய்வு எதிர்ப்பக்கம் நின்றது. ஸ்டாட்டின் மருந்து எடுத்தும் டிரைகிளிசரைடு அதிகமாக இருந்த 8,179 பேரில் ஒரு பகுதியினருக்குத் தினமும் 4 கிராம் சுத்தமான இபிஏ எத்தில் எஸ்டர் கொடுக்கப்பட்டது. இதய பாதிப்புகள் 25 சதவீதம் குறைந்தன. செறிவூட்டல் ஏன் முக்கியம் என்பது இந்த இடத்தில்தான் உறைக்கும். '18/12' கேப்ஸ்யூலில் அந்த அளவு இபிஏ வேண்டுமென்றால் தினமும் 20-க்கு மேல் விழுங்க வேண்டும், கூடவே சுமார் 200 கலோரி கொழுப்பும் போகும். பெங்கனின் யூரியாவும் அதற்குப் பின் வந்த முறைகளும் இல்லாமல் இப்படி ஒரு சோதனையே சாத்தியம் இல்லை.

ஆனால், சர்ச்சை ஓயவில்லை. ஒப்பீட்டுக் குழுவுக்குக் கொடுத்தது மினரல் ஆயில். அது அவர்களின் கெட்ட கொழுப்பைக் கூட்டியதால்தான் மருந்து நன்றாகத் தெரிந்ததோ என்ற வாதம் இன்னும் நடக்கிறது. 2020-ல் வெளியான 'ஸ்ட்ரெங்த்' ஆய்வு இபிஏ, டிஹெச்ஏ இரண்டும் கலந்து 4 கிராம் கொடுத்தது, ஒப்பீட்டுக்கு சோள எண்ணெய். பலன் தெரியாததால் நடுவிலேயே நிறுத்தப்பட்டது. இரண்டு ஆய்விலும் ஒன்று மட்டும் பொதுவாக இருந்தது: அதிக அளவு எடுத்தவர்களிடம் இதயத் துடிப்பு சீரற்றுப் போகும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் கூடுதலாகக் காணப்பட்டது. எனவே 'இயற்கைதானே' என்று சொந்த முடிவில் நாலு கேப்ஸ்யூல் போடுவது, டாக்டரைக் கேட்காமல் நாலு மாத்திரை போடுவதற்குச் சமம்.

நோய் எதுவும் இல்லாதவர்களுக்கு அமெரிக்க இதய சங்கம் சொல்வது கேப்ஸ்யூலை இல்லை, வாரம் இரண்டு முறை மீன், அதிலும் கொழுப்புள்ள மீன். நம் ஊரில் அந்தத் தகுதிக்கு முதலில் நிற்பது மத்தி. சில ஊர்களில் சாளை என்பார்கள். எண்ணெய் நிறைந்த மீன் என்பதாலேயே ஆங்கிலத்தில் 'ஆயில் சார்டின்' என்று பெயர் வாங்கிய மீன் இது. பருவத்தைப் பொறுத்து அதன் கொழுப்பு அளவு பல மடங்கு ஏறி இறங்கும். குழம்பு வைத்தவுடன் மேலே எண்ணெய் மிதக்கிறதா என்று பார்த்தே வீட்டில் சொல்லிவிடுவார்கள்.

மீன் இல்லாமல்?

பெருவை மட்டும் நம்பியிருப்பதன் ஆபத்து 2023-ல் தெரிந்தது. எல் நினோவால் கடல் சூடாகி, வலையில் குஞ்சு மீன்களாகவே விழ, அந்த ஆண்டின் முதல் அஞ்சோவேட்டா பருவத்தை அரசு ரத்து செய்தது. உலகம் முழுக்க மீன் எண்ணெய் விலை எகிறியது. இந்த எண்ணெயில் பெரும்பகுதி கேப்ஸ்யூலுக்குப் போவதே இல்லை, சால்மன் போன்ற பண்ணை மீன்களுக்குத் தீவனமாகப் போகிறது என்பதால் அடி எல்லாப் பக்கமும் விழுந்தது.

இப்போது மீனைத் தாண்டி நேராகப் பாசியிடமே போகிறார்கள். 'ஷைசோகைட்ரியம்' என்ற நுண்ணுயிரை எஃகுத் தொட்டியில் சர்க்கரை ஊட்டி வளர்த்தால், சுமார் 35 முதல் 40 சதவீதம் டிஹெச்ஏ உள்ள எண்ணெய் கிடைக்கிறது. யூரியாவும் வேண்டாம், வெற்றிடக் கலனும் வேண்டாம், சைவர்களுக்கும் தடையில்லை. இதேபோல் நுண்பாசியிலிருந்து எடுத்த டிஹெச்ஏ 2001 முதலே அமெரிக்காவில் குழந்தைகளின் பால் பவுடருக்கு அனுமதிக்கப்பட்டிருக்கிறது. ஆஸ்திரேலியா இன்னும் ஒரு படி போய், பாசியின் மரபணுக்களைச் செலுத்தி டிஹெச்ஏ தரும் கனோலா பயிருக்கு 2018-ல் அனுமதி கொடுத்தது.

பாசி எண்ணெய் கேப்ஸ்யூல் வாங்குவோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அதன் உறை ஜெலட்டினாக இருந்தால் அது சைவம் இல்லை. அதுவும் டப்பாவின் பின்பக்கத்தில்தான், அதே பொடி எழுத்தில் இருக்கும்.